மத்தார் ஞாயின் கிணற்றுக் கோலிகள்

என் கடையில் சைக்கிளை விட்டால் மணி இல்லாமல்தான் திரும்பி வரும். பிரேக் கட்டை, செயின், டியூப் எல்லாம் ஒழுங்காகப் பார்த்துக் கொடுப்பேன். மணியை மட்டும் கழற்றி ஒரு பால்மாவு டின்னில் போட்டு வைத்திருப்பேன். வேண்டும் என்று கேட்பவர்களுக்குத் தனியாகக் கையில் கொடுத்துவிடுவேன், வீட்டில் போய் மாட்டிக்கொள்ளட்டும். "பாபூ ஜோப்புக்கு மணியைக் கண்டா ஆகாது" என்று எங்கள் ஊர் கேர் பெண்டா முழுக்கப் பேச்சு. பிள்ளைகள் வேண்டுமென்றே கடை வாசலில் மணியடித்துவிட்டுப் பறக்கும். கைக்குக் கிடைத்த ஸ்பேனரை எடுத்து எறிவேன். இதுவரை யார் மேலும் பட்டதில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். சரி, நானே சொல்லிவிடுகிறேன். இது மத்தார் ஞாயின் கதை. நடுவில் நான் குறுக்கே வருவேன். அதைத் தவிர்க்க வழியில்லை.

மத்தாரும் நானும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். அவன் அப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் கடலைக் காடு பக்கத்துப் பக்கத்தில். நான் ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃபராஃபென்னி டவுனுக்குப் போய் ரிப்பேர் வேலை கற்றுக்கொண்டேன். அவன் ஆற்றைத் தாண்டிப் போய் வாத்தியார் படிப்பு படித்துவிட்டு, அதே ஊருக்கு, அதே பள்ளிக்கூடத்துக்கு, நான்காம் வகுப்பு வாத்தியாராக வந்து சேர்ந்தான். கரிப்பெட்டியில் தேய்த்த சட்டை, காலரில் ஒரு சுருக்கம் இருக்காது. பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுக்கப் பை நிறைய வறுத்த கடலை கொண்டு போவான். கணக்கு முடிந்ததும் விடையை வகுப்பே பங்கு போட்டுத் தின்னும். எங்கள் ஊரில் கணக்குக்கு அழுத பிள்ளை கிடையாது.

அவன் ஞாய். நான் ஜோப். இந்த இரண்டு குலத்துக்கும் கேலி முறை. எங்கள் பக்கம் எல்லாக் குலத்துக்கும் இப்படி ஒரு முறைக்காரக் குலம் உண்டு. ஞாயைப் பார்த்தால் ஜோப் வம்புக்கு இழுக்க வேண்டும், ஜோப்பைப் பார்த்தால் ஞாய் விடக் கூடாது. அடிமை என்பான், தின்னிப்பண்டாரம் என்பான். முன்பின் தெரியாதவனாக இருந்தாலும் குலப்பேரைக் கேட்ட அடுத்த நொடியே ஆரம்பித்துவிடும். கோபம் வரக் கூடாது. வந்தால் அவன் வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம். முறைக்காரன் வாய்விட்டு ஒன்று கேட்டால் முடியாது என்று சொல்லவும் கூடாது. முக்கியமாக, கேலியில் சொன்ன சொல்லை யாரும் வெளியே எடுத்துப் போகக் கூடாது. அது அங்கேயே விழுந்து அங்கேயே போக வேண்டிய சொல்.

தினம் காலை ஏழரைக்குப் பள்ளிக்கூடம் போகிற வழியில் என் கடை வாசலில் நிற்பான்.

"டேய் ஜோப், எஜமான் வந்திருக்கேன். எழுந்து நில்லுடா."

"யாருடா எஜமான்? உன்னச் சந்தையில கொண்டுபோய் வித்தா ஒரு வெங்காயம்கூடக் கிடைக்காது."

"ராத்திரி எத்தன சட்டி சோறு?"

"உன் பங்கையும் சேத்துத்தான் தின்னேன். போய் யாசினக் கேளு."

யாசின் அவன் மனைவி. இருபத்தைந்து வருஷம் ஒரு நாள் தவறாமல் இதே பாட்டு. இதில் ஒரு நாள் விட்டுப்போனால் எனக்கு அன்றைக்கு டயர் கழற்ற வராது.

இப்போது ஓட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நாட்டில் ஓட்டு என்றால் ஒரு கண்ணாடிக் கோலி. வேட்பாளருக்கு ஒரு தகர டிரம், ஆளுக்கொரு நிறம். துணித் தடுப்புக்குப் பின்னால் டிரம்கள் வரிசையாக இருக்கும். விரலை மையில் முக்கிவிட்டு அதிகாரியிடம் கோலியை வாங்கிக்கொண்டு உள்ளே போய், பிடித்த டிரம்மின் குழாயில் போட வேண்டும். உள்ளே ஒரு மணி இருக்கிறது. கோலி அதில் பட்டு ஒரு தரம் 'டிங்' என்று அடித்துவிட்டு அடியில் கொட்டியிருக்கிற மணலில் விழும். அதிகாரி வெளியே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு ஆளுக்கு ஒரு மணி. இரண்டாவது மணி கேட்டால் எவனோ திருட்டுக் கோலி கொண்டு வந்திருக்கிறான்.

அதனால்தான் அன்றைக்குச் சாவடிப் பக்கம் சைக்கிள் வரக் கூடாது. எவனாவது ரோட்டில் மணியடித்தால் கணக்குக் குழம்பிவிடும். ஓட்டு நாளில் என் கடை எப்படியும் மூடித்தான் கிடக்கும் என்பதால், "சும்மா வீட்டில் படுத்துக் கிடப்பதற்கு நம்ம பூத் ஏஜெண்டாக வந்து உட்கார்" என்றது பச்சைக் கட்சி. உட்கார்ந்தேன். பச்சை என்பது தலைவரின் கட்சி. இருபத்திரண்டு வருஷமாக நாற்காலியில் இருந்தவர். அவர் போட்ட ரோட்டில்தான் சைக்கிள் ஓடியது, சைக்கிள் ஓடினால்தான் என் அடுப்பு எரியும். என் அரசியல் அவ்வளவுதான். வாயைத் திறந்த சிலர் வீடு திரும்பவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதைப் பற்றி நாங்கள் டீ குடிக்கும்போதுகூடப் பேச மாட்டோம்.

மத்தார்தான் எங்கள் சாவடி அதிகாரி. மூன்று தேர்தலாக அவன்தான். அந்த டிசம்பர் முதல் தேதி காலையில் நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்தான். ஒவ்வொரு ஆள் உள்ளே போகும்போதும் கண்ணை மூடி, இடது காதைத் தடுப்புப் பக்கம் திருப்புவான். மணி கேட்டதும் கண்ணைத் திறப்பான். கிழவர் ஒருவர் உள்ளே போனவர் அங்கிருந்தே கத்தினார்.

"மத்தாரு, இதுல எந்த டிரம்முல மணி நல்லா அடிக்கும்?"

"உள்ள நின்னு பேசக் கூடாது பெரியப்பா! போடுங்க, எல்லாம் ஒரே மணிதான்."

"ஒரே மணின்னா எதுக்குடா மூணு வச்சிருக்கீங்க?"

வரிசையே சிரித்தது. அன்றைக்கு எல்லாரும் லேசாக இருந்தோம்.

சாயங்காலம் சாவடியை மூடி அங்கேயே எண்ணினார்கள். இருநூறு குழி போட்ட பலகையில் கோலிகளைக் கொட்டிப் பரப்புவார்கள். குழி நிறைந்தால் இருநூறு, கண்ணால் பார்த்தாலே தெரியும். எதிரணியின் சாம்பல் டிரம் ஒரு பலகையை நிறைத்து மேலே பதினொன்று. பச்சை நூற்றைம்பத்தொன்பது. ஊதா நாற்பத்திரண்டு. நான் குனிந்து ஒவ்வொரு குழியாகப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டேன். பேனாவைக் கொஞ்சம் வேகமாக மேசையில் வைத்துவிட்டேன் போலிருக்கிறது. மத்தார் அதைப் பார்த்துவிட்டான்.

"என்னடா ஜோப், மூஞ்சி தொங்குது? பச்சை டிரம் ஏன் பாதி காலியா இருக்குன்னு யோசிக்கிறியா? நான் சொல்றேன் கேட்டுக்கோ. மத்தியானம் நீ சோத்துக்கு ஓடுனப்போ ரெண்டு கை அள்ளி என் வீட்டுக் கிணத்துல வீசிட்டேன். அடிமைப் பயலுக்கு எதுக்குடா ஓட்டு?"

சாம்பல் ஏஜெண்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். காவலுக்கு நின்ற போலீஸ்காரன்கூடச் சிரித்தான்.

"உன் கிணத்துல தண்ணியே கிடையாதேடா, கோலி எங்கருந்து நனையும்?" என்றேன். நானும் சிரித்தேன். நான் சிரித்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

மறுநாள் தலைவர் டிவியில் வந்தார். தோற்றுவிட்டேன் என்றார். ஜெயித்தவருக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டே. எங்கள் ஊர்ப் பெண்கள் சட்டியைத் தட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள். எனக்கு உள்ளே கசப்புதான், ஆனாலும் மத்தார் வீட்டுக்குத்தான் போனேன். வேறு எங்கே போவேன்? கரியடுப்பில் பச்சைத் தேயிலையைக் கொதிக்க வைத்து, மூன்று சுற்று ஊற்றினான். மூன்றாவது சுற்றில், இனிப்பு கூடின கடைசிக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, கேலியை விட்டுவிட்டுப் பேசினான்.

"தோத்தவன் சிரிச்சிக்கிட்டே போன் பண்றான், பாபூ. இதப் பாக்க உசுரோட இருந்தோம் பாரு. எனக்கு இது போதும்."

அது ஒரு வாரம் நின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை தலைவர் மறுபடி டிவியில் வந்தார். இந்த முறை சிரிக்கவில்லை. எண்ணியதில் தப்பு, எல்லாமே தப்பு, ஏற்க மாட்டேன், திரும்ப ஓட்டுப் போடுங்கள் என்றார். தெருவில் ரேடியோக்களின் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. சட்டி தட்டிய பெண்கள் அந்தச் சட்டியில் சமைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தார்கள்.

மூன்றாம் நாள் என் கடை முன்னால் ஒரு பிக்கப் வந்து நின்றது. கட்சியின் வட்டாரச் செயலாளர் துரே. இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"ஊர் ஊராப் போய்க்கிட்டிருக்கேன் பாபூ. கோர்ட்டுக்குக் காயிதம் வேணும். உன் சாவடியில என்ன தப்பு நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலண்ணே. நானே குழி குழியாப் பாத்தேன்."

"ஒண்ணுமே நடக்கலன்னா நாம எப்படித் தோத்தோம்?"

"அத மத்தார் ஞாயத்தான் கேக்கணும். ரெண்டு கை அள்ளிக் கிணத்துல வீசிட்டேன்னு அவனே சொல்றான்."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். துரேவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

"எத்தன பேர் முன்னாடி சொன்னான்?"

"அண்ணே, அது கேலி. அவன் ஞாய், நான் ஜோப்."

"எனக்குத் தெரியாதா? என் முறைக்காரன் என்னக் கழுதன்னுதான் கூப்புடுவான். நான் கேட்டது அது இல்ல. சொன்னானா, சொல்லலியா?"

"சொன்னான்."

"ரெண்டு கைன்னு சொன்னானா? கிணறுன்னு சொன்னானா?"

"சொன்னான்."

"அவ்ளோதான். நடந்ததத்தான் எழுதறேன், நானா ஒரு வார்த்த சேக்கல. படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடு."

படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன், ஆனால் முழுக்கப் படித்தேன். அதில் ஒரு பொய் கிடையாது. தேதி, நேரம், யார் யார் நின்றார்கள், மத்தார் என்ன சொன்னான், எல்லாம் சரி. எல்லாரும் சிரித்தோம் என்பது மட்டும் இல்லை. அது இல்லை என்பதை நான் கவனித்தேன். "சிரிச்சோம்னு எழுதலியேண்ணே" என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. துரே பேனாவை நீட்டியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டுவிட்டேன். பயம்தான் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் அதோடு ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது. அன்றைக்கு என் டிரம் பாதி காலியாக நின்றபோது சிரித்தான் அல்லவா, இப்போது கொஞ்சம் அலையட்டும் என்று ஒரு புழு உள்ளே நெளிந்தது. கோர்ட்டுக்குக் கூப்பிடுவார்கள், கேலிதான் என்று அவன் சொல்லுவான், விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு மத்தார் வந்து நின்றான்.

"டேய் ஜோப், கடைக்குக் காரெல்லாம் வருதாம். பெரிய ஆளாயிட்ட போலருக்கே."

"எஜமானுக்கு எதுக்கு அந்தக் கவல? போய் சோத்தத் தின்னு."

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செனகல் எல்லை எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேர நடை. சொல்லியிருந்தால் கவோலாக்கில் அவன் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்திருப்பான். சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டதைவிட அந்தச் சாயங்காலம்தான் என்னை இன்னும் விடவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். யூனிபாரம் இல்லை. வகுப்பில் இருந்தே மத்தாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சாக்பீஸ் கையோடு வந்தான். அவன் வீட்டு முற்றத்தில் கிணற்றடியில் உட்கார வைத்துவிட்டு, ஊரில் கயிறும் கப்பியும் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்கள். என்னிடம் இருந்தது. ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். கிணற்றை இறைக்க வேண்டும், அடிச்சேறு வரைக்கும்.

நாங்கள் ஐந்து பேர் இழுத்தோம். வாளி வாளியாக முற்றத்தில் கொட்டினோம். யாசின் சுவரோரம் நின்று, தன் வீட்டுத் தண்ணீர் மண்ணில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தாருக்கு இன்னும் விஷயம் புரியவில்லை. அந்த நிலைமையிலும் என்னைப் பார்த்துச் சொன்னான்.

"மெதுவா இழுடா ஜோப். உன் அப்பன் வீட்டுத் தண்ணியா அது?"

எனக்கு அவன் போட்ட கடைசி 'டா' அதுதான்.

மூன்று பேரில் தலைவன் மாதிரி இருந்தவன் பையிலிருந்து தாளை எடுத்து நிதானமாகப் படித்தான். 'பாபூ ஜோப், சைக்கிள் ரிப்பேர் செய்பவர், தன் விருப்பத்தின் பேரில் கொடுத்த வாக்குமூலம்.' முழுக்கப் படித்தான். மத்தார் படித்தவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. கரும்பலகையில் தப்பான விடையைப் பார்த்த வாத்தியார், பிள்ளை எந்த இடத்தில் தடுக்கியது என்று தேடுவாரே, அப்படிப் பார்த்தான். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிற்பகல் அஸர் தொழுகை நேரத்துக்குச் சேறு வர ஆரம்பித்தது. கையால் அளைந்து பார்த்தார்கள். ஏழு கோலிகள் கிடைத்தன. பிள்ளைகள் இருக்கிற ஊரில் எந்தக் கிணற்றை இறைத்தாலும் ஏழு கோலி கிடைக்கும். ஓட்டுக் கோலிகள் எல்லாம் ஒரே அச்சு, நிறமில்லாத கண்ணாடி. இவை ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

"சார், இது பசங்க விளையாடற கோலி. பாருங்க, சிகப்புக் கோடு போட்டிருக்கு. இது ஓரம் உடஞ்சிருக்கு. ஓட்டுக் கோலி இப்படி இருக்காது சார்."

வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற குரலில்தான் சொன்னான். அந்த ஆள் கையை வீசி அவன் இடது காதில் அறைந்தான். மத்தார் சரிந்து விழுந்தான். மறுபடி எழுப்பி உட்கார வைத்து, அதே காதில் மறுபடி. பிறகு ஏழு கோலிகளையும் ஒரு கவரில் போட்டு ஒட்டி, அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முற்றம் முழுக்கச் சேறு. என் கயிறு அதிலேயே கிடந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்குக் கடை வாசலில் நிழல் விழுந்தது. தலையைத் தூக்கினால் யாசின்.

"ஜோப், நீ எங்க வீட்டு அடிமைதான?"

கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தேன்.

"கேக்கறேன்ல, சொல்லு. அடிமைதான?"

"ஆமா."

"அப்ப போய் உன் எஜமானக் கூட்டிட்டு வா."

அவள் சிரிக்கவில்லை. முறையை வைத்துக் கேட்டாள். முறைக்காரி கேட்டால் முடியாது என்று சொல்லக் கூடாது. அவளிடம் வேறு என்ன ஆயுதம் இருந்தது? கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

ஃபராஃபென்னியில் துரே வீட்டு வாசலிலேயே மறித்தார்.

"அந்தக் காயிதம் பாஞ்சுல் போய் ரெண்டு நாளாச்சு. என் கையில ஒண்ணும் இல்ல."

"கேலின்னு எழுதிக் குடுக்கறேண்ணே. நான் சொன்னதுதான் தப்புன்னு எழுதிக் குடுக்கறேன்."

"எழுதி? அவரு நாற்காலியில இருந்தா உன் ஆளு வெளிய வரமாட்டான். எறங்குனா தானா வருவான். யாருக்காகத் துவா செய்யப் போறன்னு யோசிச்சுக்கோ." கதவைச் சாத்திக்கொண்டார்.

பச்சைக் கட்சி ஏஜெண்டான நான் அன்றிலிருந்து ஐந்து வேளையும் தலைவர் இறங்க வேண்டும் என்று தொழுதேன். ஆற்றைத் தாண்டித் தலைநகர் பாஞ்சுலுக்கும் போனேன். எதிரே வந்த படகில் மெத்தையும் ஆடும் சட்டியுமாக ஜனம் ஏறி நின்றது. தலைவரை இறக்கப் பக்கத்து நாட்டுப் பட்டாளம் வரப்போகிறது, சண்டை வரப்போகிறது என்று எல்லாரும் ஊரை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் போன படகில் பதினோரு பேர். ஜெயில், போலீஸ் என்று மூன்று இடத்தில், மூன்று கேட்டில் நின்று பேரைச் சொன்னேன். மத்தார் ஞாய், வாத்தியார், கேர் பெண்டா. அப்படி யாரும் இங்கே இல்லை என்று மூன்று இடத்திலும் ஒரே பதில். மூன்றாவது இடத்தில் ஒருவன், "நீ யாரு அவனுக்கு?" என்று கேட்டான். ஜோப் என்றேன். அவன் லேசாகச் சிரித்துவிட்டு, உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, "போயிடு" என்றான்.

ஜனவரியில் எங்கள் ஊரும் பாதி காலியானது. கழுதை வண்டிகளில் எல்லைக்குப் போனார்கள். யாசின் போகவில்லை. "வந்தா வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது" என்றாள். நானும் போகவில்லை. அவள் கிணற்றில் தண்ணீர் மெல்ல ஊறி வந்தது, ஆனால் அவள் அதைத் தொடவில்லை. பள்ளிக்கூடக் குழாயிலிருந்து நான் குடம் குடமாக எடுத்துப் போய் வாசலில் வைப்பேன். எடுத்துக்கொள்வாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். அந்த நாட்களில்தான் மணி கேட்க ஆரம்பித்தது. பட்டப்பகலில், ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லாதபோது, ஒரு தரம் 'டிங்'. ஒன்று கேட்டால் அடுத்ததற்காகக் காது தானாக நிமிர்ந்துவிடும். கொஞ்சம் பொறுத்து இரண்டாவதும் கேட்கும். அந்த இரண்டாவது மணிதான் என்னைக் கொன்றது. முதலில் சுவரில் மாட்டியிருந்த சைக்கிளிலிருந்து வருகிறது என்று நினைத்து அதன் மணியைக் கழற்றினேன். பிறகு அடுத்ததை. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் கேட்டது.

ஒரு சனிக்கிழமை தலைவர் நாற்காலியை விட்டு இறங்கி, விமானம் ஏறி நாட்டை விட்டே போனார். நான்கு நாள் கழித்து, கடலை மூட்டை லாரி ஒன்றில் மத்தார் வந்து இறங்கினான். கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. யாரோ கொடுத்த சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஊரே ஓடியது. நான் கடைக்குள் டயர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கேவிக் கேவி அழுதேன். அவன் பிழைத்து வந்ததற்கு அழுதேனா, அவன் முகத்தில் முழிக்க வேண்டுமே என்று அழுதேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரை முன்னால் விட்டு, கோலா கொட்டை எடுத்துக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்பதென்றால் எங்களுக்கு அதுதான் வழி. மத்தார் பாயில் சாய்ந்திருந்தான். பெரியவர்கள் அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்து பேச, அவன் கையைத் தூக்கி, "இந்தப் பக்கம் வாங்க, அந்தக் காது போயிடுச்சு" என்றான். மாறி உட்கார்ந்தார்கள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சாயங்காலம் கடை வாசலில் அவன் வந்து நின்றபோது வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அவன் கொட்டையை எடுத்து உடைத்து, பாதியைத் தின்றான்.

"மன்னிச்சிட்டேன், ஜோப். நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. இருங்க, டீ சாப்பிட்டுப் போங்க."

பெரியவர்களுக்குச் சந்தோஷம். துவா ஓதினார்கள். எனக்கு மட்டும் உட்கார்ந்திருந்த இடம் கீழே போனது. நீங்க. இருங்க. சாப்பிட்டுப் போங்க. ஒரு ஞாய் ஒரு ஜோப்பிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சரி, உடம்பு தேறட்டும், சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

உடம்பு தேறியது. மறுபடி பள்ளிக்கூடம் போனான். தினம் காலை ஏழரைக்கு என் கடையைத் தாண்டித்தான் போனான், வேறு வழியில் சுற்றிப் போகவில்லை. நின்று, "சலாம் ஜோப், வீட்ல எல்லாரும் சுகமா?" என்று கேட்பான்.

"சுகம்தான் எஜமானே! சந்தையில இன்னிக்கு உனக்கு என்ன வெல சொல்றாங்க?"

"நல்லது, நல்லது. பிள்ளைங்களக் கேட்டதாச் சொல்லுங்க." போய்விடுவான்.

என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவன் அப்பாவை இழுத்தேன், தாத்தாவை இழுத்தேன், ஞாய் குலமே திருட்டுக் குலம் என்று நடுரோட்டில் நின்று கத்தினேன். ஒவ்வொரு தடவையும் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனான். மற்ற ஜோப்புகளோடு பழைய மாதிரியே பேசினான். என் தம்பியைப் பார்த்தால் "டேய் சோத்துமூட்ட" என்று துரத்துவான். எனக்கு மட்டும் மரியாதை. தலைவர் காலத்துக் கொடுமைகளை விசாரித்து எழுதிக்கொள்ளப் புது அரசாங்கத்து ஆட்கள் ஊருக்கு வந்தபோது மணிக்கணக்கில் அவர்களிடம் பேசினான். காட்டிக் கொடுத்தது யார் என்று கேட்டதற்கு, பேர் சொல்ல விருப்பமில்லை என்றானாம். ஒரு தடவை என் கன்னத்தில் அறைந்திருக்கலாம். அதைத்தான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்து வருஷம் போனது. மறுபடி டிசம்பர், மறுபடி ஓட்டு. சைக்கிள் வரக் கூடாது என்று கொட்டு அடித்துச் சொன்னார்கள். கடையை மூடினேன். இந்த முறை நான் யாருக்கும் ஏஜெண்ட் இல்லை. வெறும் கையோடு வரிசையில் நின்றேன்.

அதே வேப்பமரம், அதே மேசை. மத்தார்தான் அதிகாரி. ஒற்றைக் காதுக்காரன் எப்படி மணியைக் கேட்பான் என்று யாரோ மேலிடத்தில் கேட்டார்களாம், ஊரே திரண்டு அவன்தான் வேண்டும் என்றதாம். மேசையைத் திருப்பிப் போட்டிருந்தான். வலது காது தடுப்புப் பக்கம் இருந்தது.

என் முறை வந்தது. விரலை மையில் முக்கினேன். அவன் கோலியை எடுத்தான். இதை விட்டால் இனி இல்லை என்று எனக்குத் தோன்றியது. வாய்விட்டு, வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"எஜமானே, அடிமைக்கு ஒரு கோலி குடு. இந்தத் தடவயாவது கிணத்துல வீசிடாத."

எனக்குப் பின்னால் யாரும் சிரிக்கவில்லை. யாசின் பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். முக்காட்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டதைப் பார்த்தேன். மத்தார் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் உதடு ஒரு பக்கம் துடித்தது, சத்தியமாகத் துடித்தது. ஏதோ ஒன்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது அவனுக்கு. நான் காத்திருந்தேன். ஒரே ஒரு 'டா' போதும், அதைக் கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவேன்.

அவன் மேசையில் இருந்த தாளைப் பார்த்தான். அதில் கட்சி ஏஜெண்டுகள் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"வாங்க ஜோப்," என்றான். கோலியை என் உள்ளங்கையில் வைத்தான். "உள்ள போங்க. ஒண்ணுதான் போடணும்."

உள்ளே போனேன். எந்த டிரம்மில் போட்டேன் என்பது உங்களுக்கு வேண்டாம். கோலி குழாயில் உருண்டது. மணி ஒரு தரம் அடித்தது. நான் அங்கேயே நின்றேன், இரண்டாவதற்காக. டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. துணித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மத்தாரின் குரல் வந்தது, நான்காம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல, நிதானமாக.

"ஒரு மணிதான் அடிச்சுது, ஜோப். நான் கேட்டேன். நீங்க வெளிய வரலாம்."